சுவரைப் பார்த்துப் பேசுகிறவர்கள்

எங்கள் ஊரில் சண்டை போட்டுக்கொண்டவர்கள் பேசாமல் இருப்பார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேசுவார்கள். ஆளைப் பார்த்துப் பேச மாட்டார்கள், அவ்வளவுதான். சுவரைப் பார்த்து, ஃபேனைப் பார்த்து, ஆணியில் தொங்கும் காலண்டரைப் பார்த்துப் பேசுவார்கள். "காபி வேணுங்கிறவுக எடுத்துக்கிறலாம், ஆறிப்போகுது." "கரண்ட் பில் கட்டணும்னு யாருக்காச்சும் ஞாபகம் இருந்தாச் சரி." யார் யாருக்குச் சொன்னது என்று வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஆனாலும் ‘நான் உன்னோடு பேசவில்லை’ என்கிற கௌரவத்துக்கு ஒரு கீறல் விழாது. என் கணவரே ஒருமுறை சில நாள் இப்படித்தான் குடித்தனம் நடத்தினார். கடைசியில் ஒரு காலையில் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "இந்தத் தக்காளிச் சட்னி நல்லாருக்குன்னு சொல்றவுக யாரும் இங்க இருக்காகளா?" என்றார். அவர் அரைத்த சட்னி அது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எதற்காகச் சண்டை போட்டோம் என்று இருவருக்குமே இப்போது நினைவில்லை.

இந்தச் சுவர்ப் பேச்சை ஒரு வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன், ஒரு ரிட்டயர்டு பஸ் டிரைவரும் அவர் மகனும் என் அறைக்கு வரும்வரை.

என் அறை வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிறது. கீழே சீர்வரிசைக்கு அண்டாவும் குத்துவிளக்கும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள், சில வருடம் கழித்து மேலே என்னிடம் வருகிறார்கள். கடைக்காரருக்கு இதில் ஒரு பெருமை உண்டு. "ரெண்டு வியாபாரமும் ஒண்ணுக்கொண்ணு தொணைதான்க்கா" என்பார். நான் செய்வது குடும்ப ஆலோசனை. முதலில் வாசல் போர்டில் ‘ஃபேமிலி கவுன்சிலர்’ என்று எழுதி வைத்திருந்தேன். ஒரு பெரியவர் மூச்சு வாங்க மாடியேறி வந்து, தங்கள் தெருவில் சாக்கடை அடைத்துக்கொண்டு கிடப்பதைப் பற்றி விலாவாரியாக முறையிட்டார். வார்டு கவுன்சிலர் நான் இல்லை என்று சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை. கேட்டு முடித்தபோது, "இம்புட்டுப் பொறுமையா எந்தக் கவுன்சிலரும் கேட்டதில்லம்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மறுநாளே போர்டை மாற்றினேன்.

சின்னப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர்களுக்கு ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் வருவது வளர்ந்து நரை விழுந்த பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும். "பையனைக் கூட்டியாந்திருக்கேன்" என்பார்கள். பையனுக்கு முன்மண்டை வழுக்கையாக இருக்கும். "உங்களுக்கு என்ன வேலை?" என்று பையனைக் கேட்டால் அம்மா பதில் சொல்வார். "ராத்திரி தூக்கம் வருதா?" என்று கேட்டாலும் அம்மாதான் சொல்வார். எனக்குக் கொஞ்சம் முன்கோபம் உண்டு. இந்த இடத்தில் அதை விழுங்கிக்கொண்டு சிரிக்கக் கற்றிருக்கிறேன். அதனால் முதல் நாளில் நான் பேச்சைவிட நாற்காலிகளைத்தான் கவனிப்பேன். அறையில் எல்லாம் சாதாரண பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்று மட்டும் பிரம்பு நாற்காலி. ஜன்னலோரம், நேராக ஃபேனுக்குக் கீழே, தெப்பக்குளத்துத் தண்ணீர் தெரிகிற இடத்தில் கிடக்கும். யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாருக்காக நாற்காலியை நகர்த்துகிறார்கள் என்று பார்த்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும்.

டிரைவர் குடும்பத்துக்காக போன் செய்தது மருமகள். நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் யுனிவர்சிட்டியில் வேலை பார்க்கிறவள். இவர்கள் வீடு அலங்காநல்லூர் பக்கம். தினமும் போக இரண்டு பஸ், வர இரண்டு பஸ்.

"ஆவணியில நாங்க புதுக்கோட்டைக்கே வாடகை வீடு பாத்துக் குடி போறோம் மேடம். பங்குனியில இருந்து மாமாவும் இவரும் பேசிக்கிறதில்ல. நடுவுல அத்தை கிடந்து அல்லாடுறாங்க. இப்படியே குடி போயிட்டா அப்புறம் அவங்க ரெண்டு பேரும் ஜென்மத்துக்கும் பேச மாட்டாங்க. பால் காய்ச்சுற அன்னைக்கு மாமா வந்து நிக்கணும். அவர் வரலைன்னா இவர் வெளிய காட்டிக்க மாட்டாரு, ஆனா உடைஞ்சு போயிருவாரு."

"நீங்களும் வாங்களேன்" என்றேன்.

"நான் வந்தா எல்லாத்துக்கும் மருமகதான் காரணம்னு ஈஸியா முடிச்சிருவாங்க மேடம். நான் வரல" என்றாள். கெட்டிக்காரி.

அப்போது ஆடி பிறந்திருந்தது. எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். தள்ளுபடி விற்பனைக்காரர்கள் மாதிரி எனக்கும் ஆடி பிடித்த மாதமாகிவிட்டது. முழுதாக ஒரு மாதம், எவரும் பெட்டி கட்ட முடியாது.

வந்தார்கள். முதலில் அப்பா, வெள்ளை வேட்டி, முட்டியில் பெல்ட், வாசலை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். முப்பத்து நாலு வயது மகன் எதிர் மூலைக்குப் போனார். ஒரு பைக் ஷோரூமில் சர்வீஸ் பிரிவுக்கே மேனேஜர் அவர். கடைசியாக வந்த அம்மா, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து இருவருக்கும் நட்டநடுவில் போட்டார். அறையிலேயே ஃபேன் காற்று படாத ஒரே இடம் அதுதான். "அங்க காத்து வராதே, இந்தப் பிரம்பு நாற்காலியில உக்காருங்க" என்றேன். "இருக்கட்டும் டாக்டரம்மா, இங்க இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சொல்லத் தோதா இருக்கும்" என்றார். நான் டாக்டர் இல்லை என்று அவரிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவர் சொன்னது உண்மை. அந்த வீட்டின் தபால் முழுக்க அவர் கையால்தான் போய் வந்தது. அதோடு நிற்காமல் கடிதத்தைத் திருத்தியும் கொடுத்தார். அப்பா வாசலைப் பார்த்து, "அவன் எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்றார். அம்மா மகன் பக்கம் திரும்பி, "ஒடம்பப் பாத்துக்கச் சொல்றாரு" என்றார். மகன் இரண்டையும் காதால் கேட்டவர்தானே. தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

நடந்தது என்னவென்று மெல்லப் பிடுங்கி எடுத்தேன். பங்குனியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. பந்தியில் ஏதோ நிலத்தில் போர் போடுவது பற்றிப் பேச்சு. மகன் ஒரு யோசனை சொல்ல, அப்பா, "டேய், நீ சும்மா இருடா. ஒனக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டார். எதிரிலேயே மருமகளின் அண்ணன் தம்பிகள். மகன் இலையை மூடினார். எழுந்து நின்று, "நாங்க தனியாப் போறோம். வீடு பாத்தாச்சு" என்றார். அப்பாவுக்கு அந்தச் செய்தி பந்தியில் இருந்த எல்லோரோடும் சேர்ந்துதான் கிடைத்தது. அதற்குப் பிறகு ஒரே கூரையின் கீழ் இருவரும் பேசவில்லை.

நான் படித்தது என்னவோ, நேருக்கு நேர் பேச வைப்பதுதான். அதனால், "உங்க மகனைப் பாத்து, ‘நீ’ன்னு ஆரம்பிச்சு ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்க" என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மகனின் செருப்பைப் பார்த்தார், எழுந்தார். "டீ குடிச்சிட்டு வாரேன் தாயி" என்று படியிறங்கிப் போனவர் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் ‘ஓட்டுநருடன் பேசாதீர்’ என்கிற போர்டுக்குப் பக்கத்தில் அத்தனை வருடம் உட்கார்ந்திருந்தவர். நான் கேட்டதுதான் அதிகம் போல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அம்மாவும் மகனும் இறங்கிப் போனார்கள். அம்மா மறந்துவிட்ட குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனவள், படியின் திருப்பத்தில் நின்றுவிட்டேன். கீழே பாத்திரக்கடை வாசலில் அப்பா காத்துக்கொண்டு நின்றார். வானம் கறுத்து, ஆடிக் காற்று புழுதியை வாரிக்கொண்டிருந்தது. அப்பா தெருவைப் பார்த்துச் சொன்னார்:

"மேகம் கூடிக்கிட்டு வருது. வண்டியில போறவுக இப்பவே கெளம்பிட்டா நல்லது."

மகன் அண்டா அடுக்கைப் பார்த்துச் சொன்னார்: "ரெயின்கோட்டு இருக்கு. பஸ்ல போறவுகதான் சீட்டு இருக்கான்னு பாத்து ஏறணும். அந்த முட்டிய வச்சுக்கிட்டு நிக்க முடியாது."

"டிரைவரு நமக்குத் தெரிஞ்ச பய. சீட்டு கெடைக்கும்" என்று தெருவிடம் சொன்னார் அப்பா.

எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் என்னவோ செய்தது. மேலே என் அறையில் ஒரு வாக்கியம் பேச மாட்டேன் என்று ஓடியவர், கீழே ஒரு மணிநேரத்துக்கான அன்பைத் தெருவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர்கள் பேசாமல் இருக்கவே இல்லை.

அன்றிரவு சாப்பிடும்போது அந்தப் பேச்சை நடித்துக் காட்டினேன். கணவர் தோசையைப் பிய்த்தபடி, "காதுகுத்துல டேய்னு கூப்பிட்டவரு இப்ப ‘போறவுக’ங்கிறாரா? மரியாதை கூடிருச்சே" என்றார். அவர் விளையாட்டாகச் சொன்னதுதான். நான் தோசைக் கரண்டியோடு அப்படியே நின்றேன். உண்மைதான், சுவரிடம் பேசும்போது யாரும் யாரையும் ‘டா’ போட முடியாது. சாப்பிடுறவுக, தூங்குறவுக, லேட்டா வாரவுக. கோபத்துக்கென்று நாங்கள் வைத்திருக்கிற பாஷையில் எல்லோருக்கும் மரியாதைதான்.

அடுத்த வாரம் மகனைத் தனியாக உட்கார வைத்து இதைக் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

"ஷோரூம்ல எல்லாரும் சார்ங்கிறாங்க மேடம். கஸ்டமர் கத்துறப்பக்கூட சார்ம்பாங்க. வீட்டுக்குள்ள காலை வச்சா டேய். என் ஒய்ஃப் முன்னாடி, அவங்க வீட்டாளுக முன்னாடி, எப்பவும் டேய். இந்த நாலஞ்சு மாசமாத்தான் எங்கப்பா வாயில இருந்து எனக்கு ஒரு மரியாதையான வார்த்தை வருது. பேச ஆரம்பிச்சா மறுபடி டேய் வந்துருமேன்னு இருக்கு. அதான் நானும் பேசல." சொல்லிவிட்டு, "இதெல்லாம் ஒரு காரணமான்னு நெனைப்பீங்க" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை என்றேன்.

பிறகு அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டேன். மகன் சொன்னதைச் சொல்லவில்லை. சுவரிடம் பேசும்போது அவருக்கு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"நல்லாவா இருக்கும் தாயி?" என்றார். "நான் பெத்த பிள்ளைய ‘சாப்பிடுறவுக’ங்கிறேன். யாரோ வேத்தாளுக்குப் பந்தி வைக்கிற மாதிரி இருக்கு. டேய்னு ஒரு சத்தம் குடுத்தா எங்கிட்டு இருந்தாலும் ஓடியாருவான், சின்னப் பிள்ளையில. இனிமே அம்புட்டுத் தூரம் போறவன டேய்னு எங்க கூப்பிட?" முட்டி பெல்ட்டைக் கழற்றி மறுபடி மாட்டினார். "அவன் போறதுகூடப் பரவாயில்ல தாயி. எவனோ ஒருத்தனா ஆயிருவானோன்னுதான் பயமா இருக்கு."

ஒரே வார்த்தை. மகனுக்கு அது மரியாதை, அப்பாவுக்கு அது பிரிவு. இந்த ‘வுக’வைப் பற்றி எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

அன்றே மூவரையும் சேர்த்து உட்கார வைத்து என் பழைய சட்டத்தைத் தலைகீழாக மாற்றினேன். இந்த அறையில் இனிமேல் யாரும் யாரையும் நேராகப் பார்த்துப் பேசக் கூடாது. பேசுவதென்றால் எதிர்ச்சுவரில் இருக்கும் காலண்டரிடம் பேசலாம். அம்மாவுக்கு மட்டும் தனிச் சட்டம்: இந்தப் பக்கம் சொன்னதை அந்தப் பக்கம் சொல்லக் கூடாது. அப்பாவின் தோள் சட்டென்று இறங்கியது. மகன்கூட லேசாகச் சிரித்தார். அம்மாதான் கலங்கிப் போனார். "அப்ப நான் என்ன செய்ய?" என்றார்.

"ஒண்ணும் செய்ய வேணாம்."

"ஒண்ணும் செய்யாம எப்படி டாக்டரம்மா உக்காந்திருக்கிறது?" அவர் நிஜமாகவே கேட்டார். என் சட்டத்துக்குக் கட்டுப்பட்டு எல்லா வாரமும் ஃபேன் காற்று வராத அந்த இடத்திலேயே, புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சில சமயம் மொழிபெயர்க்கத் துடித்து வாய் திறப்பார். நான் பார்ப்பேன். மூடிக்கொள்வார்.

மிச்ச ஆடி முழுக்க அந்தக் காலண்டர் பாவம், எவ்வளவு கேட்டது. முதலில் தண்ணீரும் கரண்ட்டும்தான். "வீடு பாத்தவுக தண்ணி எப்படி வருதுன்னு கேட்டாகளா?" "போர் தண்ணி இருக்கு. குடிக்கத்தான் கேன் வாங்கணும்." "கேன் தண்ணியக் குடிச்சா மூட்டு வலி வருமாம்." "மூட்டு வலி உள்ளவுக டாக்டரப் பாக்காம வாட்ஸ்அப்ல பாத்தா அப்படித்தான் வரும்." இதற்கு அப்பா முறைத்தது காலண்டரைத்தான். அடுத்த வாரம் அவர் எலும்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்து அதையும் காலண்டரிடம் சொன்னார்.

அதற்கும் அடுத்த வாரம், வந்து உட்கார்ந்த கையோடு அப்பா ஆரம்பித்தார். அன்றைக்கு அவர் பேச்சில் வழக்கமான வேகம் இல்லை. "காதுகுத்துல, நாலு பேரு முன்னாடி ஒரு ஆளோட வாய அடைச்சிருக்கக் கூடாதுன்னு, ஒருத்தருக்கு இப்பத் தோணுது."

மகனும் காலண்டரைப் பார்த்தார். "அதே நாலு பேரு முன்னாடி அந்தச் சேதியச் சொல்லிருக்கக் கூடாதுன்னு, இன்னொருத்தருக்கும் தோணுது" என்றார்.

அம்மா தலைப்பைக் கண்ணில் வைத்துக்கொண்டார். நான் குடிக்காமல் வைத்திருந்த டீயைக் குடித்தேன். ஆறிப்போய் ஆடை படர்ந்திருந்தது, நன்றாகவே இருந்தது.

ஆடி முடிய இரண்டொரு நாள் இருந்தபோது கடைசியாக வந்தார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக முடிவாகியிருந்தது. கேட்க வேண்டியது இன்னும் கேட்கப்படாமல் நடுவில் கிடந்தது, அம்மா மாதிரியே. மகன் கூப்பிடவில்லை, கூப்பிட்டு, ‘வரமாட்டேன்’ என்று பதில் வந்துவிட்டால் என்ன செய்வது? அப்பா கேட்கவில்லை, கூப்பிடாத இடத்தில் போய் நிற்கவும் அவருக்கு மனசு வராது. தண்ணீர், கேன், பஸ் எல்லாம் பேசி முடிந்த பிறகு அப்பா காலண்டரைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்பது போலக் கேட்டார்:

"பால் காய்ச்சுறதுக்கு யார் யாரக் கூப்பிடுறாகளாம்?"

மகன் காலண்டரைப் பார்த்தார். வாய் திறந்தார், மூடினார். பிறகு நாற்காலியோடு திரும்பி, சட்டத்தை மீறி, நேராக அப்பாவைப் பார்த்தார்.

"நீங்க வரணும்ப்பா. நீங்க வராம நாங்க அடுப்பப் பத்த வைக்க மாட்டோம்."

அப்பா அவரை நிமிர்ந்து பார்த்தார். பங்குனிக்குப் பிறகு அன்றுதான் பார்த்தார் என்று அம்மா பிறகு சொன்னார். பதில் சொல்ல வாய் திறந்தது. முதலில் வரவேண்டியது ‘டேய்’தான், எனக்குத் தெரியும், மகனுக்கும் தெரியும், நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினார். ‘வாரவுக வருவாக’ என்று சுவருக்குச் சொல்லித் தப்பித்திருக்கலாம், அதையும் சொல்லவில்லை. அந்தப் பெரிய மனிதர் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறுவதைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வாரேன் ஐயா" என்றார்.

எங்கள் பக்கத்தில் பால் குடிக்கிற பிள்ளையைக் கொஞ்சும்போதும் ஐயா என்போம், ஊர்ப் பெரிய மனிதரைக் கும்பிடும்போதும் ஐயா என்போம். அவர் எந்த ஐயாவைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. மகனுக்கு இரண்டுமே போய்ச் சேர்ந்ததை அவர் முகத்தில் பார்த்தேன். "சரிப்பா" என்றவர் குரல் உடைந்து, கைக்குட்டையைத் தேடினார். சாவிதான் கைக்கு வந்தது.

கீழே கடையில் யாரோ அண்டாவைத் தட்டிப் பார்க்கிற சத்தம் வந்தது. அப்பாவும் மகனும் எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்த வழியாக வருவது என்று ஒருவரையொருவர் பார்த்தே பேச ஆரம்பித்தார்கள். அம்மா இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். அவர் தலைக்கு மேலேயே பேச்சு போய் வந்துகொண்டிருந்தது. பிறகு அவர் காலண்டரைப் பார்த்துத் திரும்பினார். அத்தனை வாரத்தில் அவர் காலண்டரிடம் பேசியது அந்த ஒரே தடவைதான்.

"இம்புட்டு நாளா நடுவுல உக்காந்திருந்தவுக," என்றார், "இனிமே காத்தாட உக்காந்துக்கிறலாமா?"

யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. எழுந்து வந்து ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். ஃபேன் காற்றில் முடி பறந்தது. "இங்கிட்டு இருந்து பாத்தா தெப்பக்குளம் தெரியுது" என்றார்.